இசபெல்லாவின் சம்பளம் விஷயமாக

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
1949 பிப்ரவரி 20, ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு.

பம்பாயில் மில் ஆபீசில் உத்தியோகம் பார்க்கும் என் பிரியமுள்ள மைத்துனர் கிளாட்வின் அவர்களுக்கு, உம்முடைய அக்காள் புருஷன் மனுவேல் பர்னாந்து ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொண்டது.

இங்கே உம் அக்காள் ஆக்னஸும், நானும், உம் மருமகள் இசபெல்லாவும் மாதாவின் தயவால் சௌக்கியம். என்னுடைய வலது முழங்காலை இந்தச் சௌக்கியத்தில் சேர்க்க வேண்டாம், அது தனியாக வலித்துக்கொண்டிருக்கிறது. அங்கே நீரும் தங்கச்சியும் பிள்ளைகளும், முழங்கால் உட்பட, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு நீர் அனுப்பிய குடை வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு இங்கே மழை பெய்யாததால் வெயிலுக்குப் பிடிக்கிறேன். நல்ல குடை.

இனி விஷயம். உம்முடைய மில்லில் தொழிலாளிகளின் குடும்ப நலத்தைக் கவனிக்கும் உத்தியோகத்துக்கு இசபெல்லாவின் பெயரை நீர் சொல்லி வைத்து, மாதம் நூற்றறுபது ரூபாய் என்று பேசி முடித்து, மார்ச்சு பதினைந்தாம் தேதி வந்து சேரச் சொல்லி எழுதியிருந்தீர். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே மானேஜரிடம் போய், பெண் வரவில்லை, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிடும். இங்கேயே அவளுக்கு நியாயமான சம்பளம் கிடைத்துவிட்டது. இதை நான் இரண்டு வரியில் ஒரு கார்டில் எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் ஆக்னஸும் உமக்குத் தனியாக எழுதுவாள். நடந்ததில் என்னுடைய பங்கு அவள் எழுதினால் ஒரு மாதிரியும் நான் எழுதினால் ஒரு மாதிரியும் தெரியும். அதனால் நான் முந்திக்கொள்கிறேன்.

இதற்கெல்லாம் ஆரம்பம் நீர்தான் என்பதை மறந்திருக்க மாட்டீர். பி.ஏ. போதும் என்றுதான் நான் சொன்னேன். பம்பாயில் பி.ஏ.வுக்கு மேல் இரண்டு வருஷப் படிப்பு ஒன்று இருக்கிறது, வீடுவீடாகப் போய் ஜனங்களின் கஷ்டத்தை விசாரித்து வழி பண்ணுவதற்கு அங்கே முறையாகச் சொல்லித் தருகிறார்கள், என் வீட்டிலேயே தங்கிப் படிக்கட்டும் என்று எழுதியவர் நீர். வீடுவீடாகப் போய் விசாரிக்க ஒரு படிப்பா, நம் பக்கத்து வீட்டுக்காரி படிக்காமலே அதைச் செய்கிறாளே என்று நான் பதில் எழுதினேன். அதற்கு நீர் பதில் எழுதவில்லை, ரயில் டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பினீர். போனாள், படித்தாள், பட்டயத்தோடு வந்தாள். அந்தப் பட்டயத்துக்கு நான் கண்ணாடி போட்டு மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும். போன ஜூனில் இங்கே வியாபாரிகள் சேர்ந்து நடத்துகிற ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்து திடீரென்று நின்றுபோகிற பிள்ளைகளின் வீட்டுக்குப் போய், என்ன காரணம் என்று கண்டுபிடித்து, காரணத்தைச் சரிப்படுத்தி, பிள்ளையைத் திரும்ப வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை என்று நானும் நினைத்தேன்.

சம்பளப் பட்டியலில் இந்த வேலைக்குப் பெயரே கிடையாது. வாத்தியார் உண்டு, தையல் டீச்சர் உண்டு, டிரில் மாஸ்டர் உண்டு, பியூன் உண்டு. பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு ஒரு முழு நாள் யோசித்து, தண்ணீர் எடுத்து ஊற்றுகிறவளுக்கும் சாக்பீஸ் செலவுக்கும் நடுவில் இசபெல்லாவை எழுதி, முப்பது ரூபாய் என்று போட்டார். மெட்ரிக் தேறாத டிரில் மாஸ்டருக்கு நாற்பத்தைந்து. பட்டதாரி வாத்தியார்களுக்கு எண்பத்தைந்து. அந்த வாத்தியார்களில் எவரும் அவளைவிட ஒரு நாள் கூடுதலாகப் படித்தவர் இல்லை, அவள்தான் அவர்களைவிடக் கூடப் படித்தவள். மூன்று மாசம் பார்த்துவிட்டு அவள் ஒரே ஒரு தாளில், சண்டை சச்சரவு இல்லாமல், பட்டதாரிக்குரிய சம்பளம் தனக்கும் தர வேண்டும் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தாள்.

கமிட்டி செக்ரட்டரி செல்வதுரை அண்ணாச்சி. கருப்பட்டியும் மிளகாய் வற்றலும் மொத்த வியாபாரம். நல்ல மனுஷர், பள்ளிக்கூடத்துக்குக் கைக்காசு போட்டுக் கூரை மாற்றியவர். என்னை வழியில் பார்த்து நிறுத்தினார்.

"பிள்ளை நல்ல பிள்ளை வே. நான் ஒன்னும் கொறை சொல்லல. ஆனா கிளாஸ் எடுக்கல, நோட்டுத் திருத்தல, பரீட்சை வைக்கல. தெருத்தெருவாப் போயி பேசிட்டு வருது. பேசுததுக்கு எந்த ஸ்கேல்ல நான் சம்பளம் போட?"

தகப்பன் என்ற முறையில் நான் அங்கேயே ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உம்மிடம் மறைப்பானேன், எனக்கும் அதே சந்தேகம் மனசுக்குள் இருந்தது. நான் என்ன செய்தேன் என்றால், என் சொந்த மூளையை உபயோகித்தேன். முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் மூடை எண்ணினவன் நான் என்பது உமக்குத் தெரியும். கூலியாள் ஒரு மூடையைச் சுமந்து தோணியில் இறக்கினால் அவன் கையில் ஒரு தகர வில்லை கொடுப்பேன். சாயங்காலம் அவன் கையில் எத்தனை வில்லையோ அத்தனைக்குக் காசு. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தகராறு கிடையாது. ஆகவே அண்ணாச்சியிடம் சொன்னேன்: "ஸ்கேல் ஒரு பக்கம் கெடக்கட்டும் அண்ணாச்சி. நின்னுபோன பிள்ளை ஒன்னத் திருப்பிக் கூட்டியாந்தா ஒரு வில்லை. வில்லைக்கு எட்டணா. முப்பது ரூவா போக மிச்சத்த அவ கெட்டிக்காரத்தனத்துல சம்பாதிச்சுக்கிடட்டும்." அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூடைக்கு இவ்வளவு என்று தரகு கொடுத்தே பழகிய கை அவருடையது. மறுவாரமே தீர்மானம் போட்டுவிட்டார்கள். என் பெட்டியில் பழைய வில்லைகள் ஒரு முந்நூறு கிடந்தன. சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி நானே ஹெட்மாஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இசபெல்லாவுக்கு இது தீர்மானத்தின் நகல் கையில் வந்த பிறகுதான் தெரியும். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பா, பிள்ளைங்க மூடையா?" இல்லை என்றேன். வேறென்ன சொல்ல. அதற்குப் பிறகு மூன்று நாள், சாப்பாடு எடுத்து வைத்தாயிற்று, தண்ணீர் இருக்கிறது என்று சொல்வதற்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை. ஆக்னஸ் அவள் பங்குக்கும் சேர்த்துப் பேசினாள்.

நவம்பரில் வில்லை முறை ஆரம்பமானது. அதற்கு முன் மாசத்தில் வராமல் நின்ற பிள்ளைகள் பதினான்கு. டிசம்பர் நடுவில் அறுபத்தொன்று. ஹெட்மாஸ்டர் பேர்பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், ஒன்றும் விளங்கவில்லை. கொள்ளைநோய் இல்லை, திருவிழா இல்லை, திங்கட்கிழமை ஒரு கூட்டம் வரவில்லை, செவ்வாய்க்கிழமை அது வந்துவிட்டது, வேறு ஒரு கூட்டம் வரவில்லை. இசபெல்லா உப்பளத்துக்காரர்கள் குடியிருக்கும் தெருவுக்குப் போனாள். அந்தத் தெருவில் முப்பிடாதி என்று ஒருத்தி இருக்கிறாள், புருஷன் உப்பளத்தில் உப்பு வாருகிறவன், தெருவில் இவள் வைத்ததுதான் சட்டம். அவள் இசபெல்லாவை உட்கார வைத்து மோர் கொடுத்து விஷயத்தைச் சொன்னாளாம். இசபெல்லா எங்களிடம் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஒங்களுக்குச் சம்பளம் பத்தலையாம்லா டீச்சரம்மா. நின்னுபோன பிள்ளையக் கூட்டிட்டுப் போனாத்தான் காசாம்லா. பள்ளிக்கொடத்துக் கிளார்க்கய்யா சொன்னாவ. அதான் நாங்க பேசி வச்சிருக்கோம். திங்கக்கெழம கெழக்கு வரிசைப் பிள்ளைங்க நிக்கும், செவ்வாக்கெழம மேக்கு வரிசை. நீங்க வந்து ஒரு சத்தம் குடுங்க, கையோட அனுப்பிருதோம். ரொம்ப நடக்காண்டாம். எம் மவளக் காச்சலோட ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனவுக நீங்க. ஒங்களுக்கு நாங்க வேற என்னத்தச் செய்ய?"

மைத்துனரே, ஒரு தெரு முழுக்க என் மகள் மேல் வைத்த பிரியத்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் முறை வைத்துப் பிடித்து வைத்திருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் எனக்கு இப்படி ஒரு அனுபவம் இல்லை. எந்த மூடையும் தன்னை எண்ணுகிற டாலி கிளார்க்கின் மேல் இரக்கப்பட்டுத் தோணியிலிருந்து தானாக இறங்கிக் கரைக்கு வந்ததில்லை. இதை இசபெல்லாவிடம் சொன்னேன், சிரிப்பாள் என்று நினைத்து. சிரிக்கவில்லை.

அவள் ஒழுங்குபடுத்துவதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மேற்கு வரிசையின் நாள். பாதி பெஞ்சு காலி. சர்க்கார் மானியத்தில் வெட்டு விழும் என்று எழுதிவிட்டுப் போனார். அண்ணாச்சி எனக்கு ஆள் அனுப்பினார். கடைக்குப் போய் நின்றேன். "என்ன வே, ஒம்ம வில்லையில பிள்ளை வாரதவிட போறதுல்லா கூடிப் போச்சு" என்றார். வில்லையை நிறுத்துங்கள் என்று நானே சொன்னேன். நிறுத்தும்போது கணக்குப் பார்த்தார்கள். இசபெல்லா ஒரு வில்லையைக்கூடக் காசாக மாற்றவில்லை. ஹெட்மாஸ்டர் கொடுத்த அத்தனையும் ஒரு பழைய கோகோ டப்பாவில் இருந்தது, அப்படியே மேசையில் வைத்துவிட்டாள். பிறகு ஒரு சாயங்காலம் அந்தத் தெருவில் போய் உட்கார்ந்து, வில்லை போய்விட்டது, இனி எனக்காகப் பிள்ளையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் அறுபத்தொன்றும் வந்துவிட்டன.

அப்படியானால் அவளுடைய வேலைக்கு என்ன விலை என்று கமிட்டி யோசித்திருக்க வேண்டும். கமிட்டி என்ன யோசித்தது என்றால், சாயங்காலம் ஒரு மணி நேரம் பேசினதில் அறுபது பிள்ளை வருகிறது, இதற்கு முப்பது ரூபாயே தாராளம் என்று. அன்றுதான் அவள் இரண்டாவது தாள் எழுதினாள். மார்ச்சு முதல் தேதிக்குள் பட்டதாரிச் சம்பளம் இல்லையென்றால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று. உம் மில்லின் கடிதமும் அந்த வாரம்தான் வந்தது. நான் மெதுவாக, பணம்தானா பெரிசு என்று ஆரம்பித்தேன். அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "நான் பேசுததுக்குக் காசு கேக்கலப்பா. எப்ப பேசணும், எப்ப பேசாம இருக்கணும்னு ஆறு வருசம் படிச்சேம்லா, அதுக்குக் கேக்கேன். டிரில் மாஸ்டருக்குக் கீழ எம் பேர எழுதி வச்சிட்டு சேவை சேவைங்காவ. எனக்கு அது பிடிக்கல."

அவள் மறுபடியும் பம்பாய் போவது எனக்கு இஷ்டமில்லை. ஒரே பெண். இதை ஆக்னஸ் அழுதே சொல்லிவிடுவாள், எனக்கு எழுதத்தான் வரும். ஆகவே கமிட்டியில் நானே பேசுவது என்று முடிவு பண்ணினேன். பேச வேண்டுமானால் அவள் வேலையை நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு நாள் நானும் வருகிறேன் என்றேன். கொஞ்சம் தயங்கித்தான் சரி என்றாள்.

சண்முகவடிவு என்று பத்து வயசுப் பெண் பிள்ளை, மூன்று வாரமாக வரவில்லை. வயிற்று வலி என்று தாய் சொல்லி அனுப்பியிருந்தாள். இசபெல்லா ஏற்கெனவே நாலு தடவை அங்கே போயிருக்கிறாள். நாங்கள் போகும்போது பிள்ளை வாசலில் உட்கார்ந்து தங்கச்சிப் பாப்பாவுக்குப் பராக்குக் காட்டிக்கொண்டிருந்தது. வயிற்று வலிக்காரி மாதிரித் தெரியவில்லை. தடி மாதிரிக் குடையை ஊன்றிக்கொண்டு நான் கேட்டேன்: "ஏளா, பள்ளிக்கொடம் போகாம இங்கன என்ன செய்யுத?" பிள்ளை பாப்பாவைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பாப்பா அழ ஆரம்பித்தது. தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இசபெல்லா என் பக்கத்தில் வந்து, "அப்பா, நீங்க அந்த வேப்பமரத்தடியில கொஞ்சம் இருங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நான் போய் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து பார்த்தது இது. இசபெல்லா பாப்பாவைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விறகு விலையைப் பற்றிப் பேசினார்கள். தாய் ஒரு தூக்குச்சட்டியைக் கழுவிச் சோறு வைத்து மூடினாள். பன்னிரண்டு மணிக்கு இந்த ஊர் மில்லில் சங்கு ஊதியதுதான் தாமதம், கூப்பிடாமலே அந்தப் பிள்ளை விறகுக்குப் பின்னாலிருந்து வந்து தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. தகப்பனுக்கு உப்பளத்துக்குச் சோறு. இசபெல்லாவும் கூடவே நடந்தாள். நான் என் முழங்காலோடும் உம் குடையோடும் நூறு கஜம் பின்னால். போக இரண்டு மைல், வர இரண்டு மைல், பனைமரத்து நிழல்கூடக் கிடையாது, உப்பு வெளுப்பில் கண் கூசுகிறது. திரும்பி வரும்போது பிள்ளை தானாகவே, யாரும் கேட்காமல், "இன்னேரம் மணி அடிச்சிருப்பாவ" என்றது. இசபெல்லா "ம்" என்றாள். அவ்வளவுதான், மிச்சமெல்லாம் வந்துவிட்டது. மத்தியானம் ஒன்றரைக்கு மணி அடித்ததும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். பிந்தி வந்த பிள்ளை நாலு மணி வரை வெளியே வெயிலில் நிற்க வேண்டும். இவள் நாலு நாள் நின்றிருக்கிறாள். வீட்டில் சொன்னால் தகப்பனுக்குச் சோறு கொண்டுபோக ஆள் இல்லை என்று சண்டை வரும். அதனால் தாயிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டாள். தாயும் அதை நம்பி மூன்று வாரமாக ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

முப்பிடாதி அதே உப்பளத்துக்குத் தன் புருஷனுக்குத் தினமும் சோறு கொண்டுபோகிறவள். கை ஒன்று சும்மாதான் இருக்கிறது, இரண்டு சட்டியாகக் கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டாள். இதைப் பேசி முடிக்க இசபெல்லாவுக்குப் பத்து நிமிஷம் ஆகவில்லை. அதற்கு முன்னால் நாலு தடவை அந்த வீட்டில் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தாளே, அதுதான் படிப்பு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. தகர வில்லையைத் தேய்த்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. திங்கட்கிழமை அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வந்துவிட்டது.

நேற்று கமிட்டி, அண்ணாச்சி சரக்கு வைக்கிற கிட்டங்கியின் மாடியில். இசபெல்லாவைக் கூப்பிடவில்லை. எல்லாரும் பாயில் உட்கார்கிறவர்கள், பெண் வந்தால் நாற்காலி தேட வேண்டும், தகப்பன் வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் என்ன பேசப் போகிறேன் என்பதை இசபெல்லா எனக்கு முந்தின நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தாள். அதில் பாதி அங்கே எனக்கு மறந்துவிட்டது. சண்முகவடிவின் தூக்குச்சட்டியைச் சொன்னேன். பிறகு அவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒன்று கேட்டேன். "அண்ணாச்சிமாரே, சங்கு குளிக்க ஒருத்தன் முங்குதான். மேல தோணியில ஒருத்தன் கயித்தப் பிடிச்சிட்டு நிக்கான். அவன் ஒரு சங்குகூட எடுக்கல, தலைகூட நனையல. அவனுக்கு ஏன் பங்கு குடுக்கிய? எப்ப இழுக்கணும்னு அவனுக்குத் தெரியும், அதுக்குத்தான். தெரியாதவன் கையில கயித்தக் குடுத்தா முங்குனவன் வர மாட்டான்." அங்கே தோணிக்காரர் ஒருவர் இருந்தார், அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரியான பேச்சு" என்றார். அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத நீரு ஆறு மாசத்துக்கு முன்னால இப்பிடிச் சொல்லியிருக்கப்படாதா வே" என்றார். இந்த வேலைக்குப் பட்டியலில் ஒரு வரி புதிதாகப் போட்டு, மார்ச்சு முதல் எண்பத்தைந்து ரூபாய் என்று எல்லாரும் கை தூக்கினார்கள். உத்தரவு இரண்டு மூன்று நாளில் எழுத்தில் வரும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஆக்னஸ் கருப்பட்டிப் பணியாரம் சுட்டாள். இசபெல்லா, "எழுத்துல வரட்டும்பா" என்றாள், ஆனால் சிரித்த முகமாகத்தான் சொன்னாள். நான்கு பணியாரம் சாப்பிட்டாள். உம் மில்லின் நூற்றறுபதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் என்றாலும் சொந்த ஊரில், சொந்த வீட்டில், படித்த படிப்புக்கு மரியாதையோடு கிடைக்கிறது. சண்முகவடிவு மாதிரிப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக அவளுக்கும் மனசில்லை. ஆகவே மேலே சொன்னபடி மானேஜரிடம் தயவாகச் சொல்லிவிடும். நீர் பட்ட பாடு வீண் போனதாக நினைக்க வேண்டாம், உம் வீட்டில் தங்கிப் படித்த படிப்புத்தான் இன்றைக்கு ஜெயித்தது. என் பேச்சும் கொஞ்சம்.

நம்முடைய பனிமய மாதா உம்மையும் தங்கச்சியையும் பிள்ளைகளையும் டிராம் வண்டி, விஷக்காய்ச்சல், வீட்டுக்காரன் வாடகை ஏற்றுவது ஆகிய மூன்றிலிருந்தும் காப்பாற்றி, அடுத்த ஆகஸ்டுத் திருவிழாவுக்கு முழுசாக இங்கே கொண்டுவந்து சேர்ப்பாளாக. பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடும்.

இப்படிக்கு,
உம்மிடம் பட்சம் மறவாத அத்தான்,
ம. மனுவேல் பர்னாந்து,
டாலி கிளார்க்கு, ஓய்வு.

பின்குறிப்பு, புதன்கிழமை: தபால்தலை இல்லாததால் கடிதம் மூன்று நாள் மேசையிலேயே கிடந்தது. அதுவும் நல்லதுக்குத்தான். இன்று காலை பியூன் உத்தரவையும் அதன் நகல் ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தான். நகலில் உள்ளதை அப்படியே பார்த்து எழுதுகிறேன்: "மேற்படி புதிய உத்தியோகத்துக்கு, கமிட்டி முன்பாக விஷயத்தைத் தெளிவாக எடுத்துரைத்தவரும், முப்பத்தொரு வருஷ உத்தியோக அனுபவம் உள்ளவருமான ஸ்ரீ மனுவேல் பர்னாந்து அவர்களை மாதம் ரூபாய் எண்பத்தைந்து சம்பளத்தில் நியமிப்பதென்றும், அவர் குமாரத்தி தற்போதுள்ள முப்பது ரூபாயிலேயே அவருக்கு உதவியாகத் தொடர்வதென்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

இரண்டு தடவை படித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, நான் படிச்சது நாலாம் பாரம். எனக்கு இந்த வேலை தெரியாது. என்னக் கண்டாலே பிள்ளை விறகுக்குப் பின்னால ஓடுது" என்றேன். அவர் கோபப்படவே இல்லை. தராசில் வற்றலைப் போட்டபடியே சொன்னார்: "தெரியாட்டா என்ன வே. மவதான் கூட இருக்காள்லா, சொல்லித் தருவா. பொம்பளப் பிள்ளைக்கு எம்பத்தஞ்சுன்னு பட்டியல்ல எழுதுனா நாளைக்குத் தையல் டீச்சர் வந்து நிப்பா. ஒரே வீடுதான, எந்தப் பையில விழுந்தா என்ன?"

உத்தரவை அவர் மேசையிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்தேன். நகலை இசபெல்லாவிடம் காட்டினேன். முழுதும் படித்துவிட்டு, "நீங்க என்ன சொன்னியப்பா?" என்று மட்டும் கேட்டாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் என்றேன். அது உண்மைதான். ஆனால் உமக்கு இவ்வளவு எழுதிவிட்டு இதை மறைத்தால் சரியில்லை: காலையில் உத்தரவைப் படித்த உடனே, வீட்டிலிருந்து தெருமுனை போகிற வரைக்கும், எண்பத்தைந்தும் முப்பதும் நூற்றுப் பதினைந்து என்று நான் மனசுக்குள் கூட்டிக்கொண்டுதான் போனேன். தெருமுனையில்தான் எனக்கே உறைத்தது. இதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீரும் சொல்ல வேண்டாம்.

ஆகையால் மேலே நான் எழுதியது ஒன்றையும் செய்யாதீர். மானேஜரிடம் போய், பெண் வருகிறாள், பதினைந்தாம் தேதி காலையில் ஆபீசில் இருப்பாள் என்று சொல்லிவிட்டு எனக்குத் தந்தி கொடும். பெட்டி கட்டியாகிறது, ஆக்னஸ் அழுதுகொண்டே கட்டுகிறாள். சண்முகவடிவின் வீட்டுக்கு இசபெல்லா நேற்றும் போய் வந்தாள், நாளையும் போகிறாள், அதற்குப் பிறகு யார் போவார்கள் என்று தெரியவில்லை. இன்னொன்று: நியமன உத்தரவில் பெயரைக் கவனமாகப் போடச் சொல்லும். இசபெல்லா, பி.ஏ., பிறகு அந்தப் பட்டயத்தின் பெயர், அவ்வளவுதான். என் பெயர் அதில் எங்கேயும் வர வேண்டாம், தகப்பன் பெயர் என்று கேட்டிருக்கிற இடத்தில்கூட.